மேனிபோல்டின் மேல் ஈரமான திருநீறு

என் அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களிடம் பேசாத நாள் எனக்குக் கிடையாது. ஆனால் படத்துக்கு விளக்கேற்றும்போது பேசுவதெல்லாம் பாதியிலேயே நின்றுபோகிறது. பால்காரர் கூப்பிடுவார், இல்லையென்றால் அடுப்பில் குக்கர் கூப்பிடும். இந்தச் செய்தியை அப்படிப் பாதியில் விட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டு நிலவரம். மூத்தவளுக்குத் திருத்தங்கல் பிரஸ்ஸில் காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சேரும்போது கையெல்லாம் மை. பட்டறையை என் தம்பி செல்வம் திறந்து வைத்திருக்கிறான். வீட்டுக் கணக்கோடு பட்டறைக் கணக்கையும் இப்போது நானே எழுதுகிறேன். பட்டாசு லோடு ஏற்றும் லாரிகள் பழையபடி வருகின்றன. டிரைவர்கள் இறங்கியதும் உங்கள் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள். அதில் யாரும் உட்காருவதில்லை. உட்கார வேண்டாமென்று நான் சொல்லவும் இல்லை.

இப்போது மிக்கேல் படகு விஷயத்துக்கு வருகிறேன்.

சாத்தூர் லாரி மெக்கானிக்குக் கடலில் என்ன வேலை என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். லாரி எஞ்சினைத்தானே தூத்துக்குடியில் விசைப்படகுக்கும் மாற்றிப் பூட்டுகிறார்கள். அப்படித்தான் மிக்கேல் உங்களுக்குப் பழக்கமானார். மேனிபோல்டும் ரைசரும் மாற்றித் தருவதாக அவருக்கு நீங்கள் சொல்லியிருந்தீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது செய்வதாகப் பேச்சு. தடைக்காலம் வந்தது. நீங்கள்தான் இல்லை.

எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் புகையை ஒன்றாகச் சேர்த்து வெளியே தள்ளும் இரும்புக்கூடுதான் மேனிபோல்டு. லாரியில் அது காய்ந்து கிடக்கும், காற்றுப் பட்டே ஆறிவிடும். படகில் எஞ்சின் மரப்பலகைகளுக்கு நடுவே அடைந்து கிடப்பதால் அந்தச் சூடு ஆகாது. அதனால் அதற்கு இரட்டைச் சுவர் வைத்து, நடுவே கடல்தண்ணீரை ஓடவிடுகிறார்கள். மேனிபோல்டின் முடிவில் மேல்நோக்கி எழும்பி வளைகிற குழாய் ரைசர். அங்கே தண்ணீரும் புகையும் கலந்து வெளியேறும். உப்பு அந்தச் சுவரை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்சுவர் ஓட்டையானால் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கி, நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். மிக்கேலோடு சேர்த்துப் படகில் ஐந்து பேர்.

செல்வம் ரைசரைக் கழற்றிப் புதிதாகப் பூட்டிவிட்டான். பழைய ரைசர் உள்ளே தேன்கூடு மாதிரி அரித்துப்போயிருந்ததாம். மேனிபோல்டை மட்டும் கழற்றவில்லை. கொச்சியிலிருந்து வரவேண்டிய புது மேனிபோல்டு வந்து சேரவில்லை, தடையோ முடியப்போகிறது. தட்டிப் பார்த்தானாம், சத்தம் நன்றாக இருந்ததாம். முதல் தடவை கடலுக்குப் போய்வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மிக்கேலிடம் சொல்லிவிட்டான். அவரும் சரி என்றிருக்கிறார். இதெல்லாம் தூத்துக்குடி பஸ்ஸில் போகும்போது அவன் என்னிடம் சொன்னது.

நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். மிக்கேல் கூப்பிட்டார். நீங்கள் இருந்தவரை உங்கள் கை படாமல் அந்த எஞ்சின் ஓடியதில்லையாம். உங்கள் சார்பில் நான் வந்து நிற்க வேண்டும் என்றார். அதை எப்படி மறுப்பது?

தடை முடிவதற்கு முந்தின நாள். கரையெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. வலையை ஏற்றுகிறார்கள், ஐஸ் பெட்டியை இறக்குகிறார்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. மிக்கேல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, எஞ்சின் ரூமுக்குள் என்னைக் கைபிடித்து இறக்கிவிட்டார்.

"அண்ணன் பட்டை போடாம இந்த எஞ்சினு ஸ்டார்ட் ஆனதில்ல மதினி. எங்க மாதாவும் உங்க மாரியும் இம்புட்டு நாளா ஒரே ரூமுல சண்டை சச்சரவில்லாமத்தான் இருந்தாக" என்றார்.

என் பர்ஸில் இருக்கன்குடி அம்மன் திருநீறு எப்போதும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். செல்வம் ஹோஸை மாட்டி மேனிபோல்டிலும் ரைசரிலும் தண்ணீர் நிரப்பி முடித்திருந்தான். நான் அம்மனை நினைத்துக்கொண்டு ரைசரின் வளைவில் மூன்று கோடு இழுத்தேன். அங்கே மட்டும் போதாது, மேனிபோல்டின் அடிப்பக்கத்திலும் நீளத்துக்குப் பூசுவீர்கள் என்றார் மிக்கேல். சாமிக்கு யாராவது அடியில் போய்ப் பூசுவார்களா? உங்கள் வழக்கம் எதுதான் ஊர் வழக்கம் மாதிரி இருந்தது என்று நினைத்துக்கொண்டு, துணியால் துடைத்துவிட்டு அங்கேயும் பூசினேன்.

சாவியைத் திருப்பலாமா என்று செல்வம் கேட்டான். மிக்கேல் விடவில்லை. பட்டை போட்ட பிறகு மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்ப இறங்கிவந்து பார்த்த பிறகுதான் அண்ணன் ஸ்டார்ட் பண்ணுவார் என்றார். நீங்கள் செய்ததையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். டீ குடித்தோம்.

திரும்பி இறங்கியபோது ரைசரில் திருநீறு வெள்ளை வெளேரென்று இருந்தது. மேனிபோல்டின் அடியில், நடுவில், ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது.

டீசல் பட்டிருக்கும் என்றான் செல்வம். நான் தொட்டுப் பார்த்தேன். பூஜை அறையில் வருஷக்கணக்காகத் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றியில் இடுகிறவள் நான். எண்ணெய் பட்ட திருநீறு விரலில் வழுக்கும், தண்ணீர் பட்டது சந்தனம் மாதிரி உட்காரும்.

"டீசல்னா வழுக்கும்லே. இது குழைஞ்சிருக்கு" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த இரும்பு லேசாக வேர்க்கத்தான் செய்யும், பசை வைத்து அடைத்துவிடுகிறேன் என்றான். அடைத்தால் வெளியே ஒழுகுவது நிற்கும், உள்சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்குள் விஷயம் மேலே எட்டி, படகுக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? தடைக்காலம் முழுக்க வருமானமில்லாமல் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் கேட்டார், "சாத்தூர்ல கடலு எங்கன இருக்கு மதினி?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

"கடலு இல்லய்யா. அதனாலதான் ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகினாலும் எங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருது."

மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளன எல்லாப் படகும் கிளம்பும். முதல் நாள் மீன்பாட்டுக்கு உள்ள மவுசு மறுநாள் இருக்காது. அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"அண்ணன் இடத்துல இருந்து சொல்லுங்க மதினி. போகவா, வேண்டாமா?"

அத்தான், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அது வெறும் இரும்பு வேர்வையாக இருந்து, ஐந்து குடும்பத்தின் பிழைப்பை நான் கெடுத்துவிட்டால்? அம்மா தாயே என்று ஒருமுறை கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் எந்தத் தெய்வமும் வரவில்லை. ஈரமான அந்தக் கோடுதான் தெரிந்தது.

"வேண்டாம்யா. கழட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, உங்கள் பித்தளைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இளக்க முடிந்தது. பட்டாசுக் கம்பெனியில் பொறி பறக்குமென்று இரும்பை இரும்பால் அடிக்க விடமாட்டார்கள், அங்கே பழகிய கை என்று சொல்வீர்களே, அந்தச் சுத்தியல்தான். மேனிபோல்டு கையோடு வந்ததும் செல்வம் அதைப் புரட்டி, புகை வரும் துளைக்குள் டார்ச் அடித்தான். ஸ்குரூடிரைவர் முனையால் உள்சுவரை லேசாக அழுத்தினான். அப்பளத்தில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, நான் இவுகள அனுப்பியிருப்பேன்" என்றான்.

மிக்கேல் இறங்கிவந்து ஓட்டையைப் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு செல்வத்தின் தோளில் கைவைத்து, "அனுப்பலல்லா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மறுநாள் மற்றப் படகுகளெல்லாம் போயின. மிக்கேல் படகு கரையில் நின்றது. ஐஸ் கரைந்து வீணாகப் போனது. புது மேனிபோல்டு வர அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஆயிற்று. வந்ததும் மறுபடி போனோம். செல்வம் வேறு ஆளாக வேலை செய்தான். இணைப்பில் கசியாமல் வைக்கிற பழைய கேஸ்கட் அட்டை ஒட்டியிருந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி சுரண்டி எடுத்தான். புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி ஒவ்வொன்றையும் சோதித்தான். நான் திருநீற்றை எடுத்துக் கொடுத்தேன். பூசியது அவன்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். காய்ந்தே இருந்தது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் பூசியது சாமிக்கா, சோதனைக்கா? கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ" என்பீர்கள். உங்களுக்காக நான் இருந்த வெள்ளிக்கிழமை விரதங்கள் எத்தனை. எஞ்சினுக்காவது பட்டை போடுகிறாரே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோது அம்மனிடமும் இதையே கேட்டேன். அவளும் சொல்லவில்லை. ஒருவேளை உங்களுக்கு இரண்டும் வேறு வேறாகத் தோன்றியதே இல்லையோ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது மேனிபோல்டு பூட்டிய மறுநாள் வெள்ளன படகு கிளம்பும்போது, ஊருக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மிக்கேல் சொன்னார், "அண்ணன் நாங்க திரும்புத வரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பாக மதினி. நீங்க போயிட்டு வாங்க, பரவாயில்ல."

வேலை முடிந்தும் ஒருநாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவீர்கள். தூத்துக்குடியில் கூட்டாளிகளோடு ஊர் சுற்றுகிறீர்கள் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாமே, அத்தான். சொல்லியிருந்தால் அந்தப் பகல் முழுக்க வீட்டிலிருந்து நானும் பயப்படுவேன் என்றா?

பையைக் கீழே வைத்தேன். செல்வமும் நானும் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது, இறங்கியது. கொண்டுபோன புளிச்சோற்றை அவன் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் செல்வம் எழுந்து நின்று உட்கார்ந்தான். ஒரு சத்தத்துக்கு மட்டும் எழுந்தவன் உட்காரவில்லை. படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே, "நம்ம எஞ்சின்க்கா" என்றான். ஐந்து பேரும் இறங்கியதை எண்ணிவிட்டுத்தான் நான் எழுந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நம் பட்டறைக் கை பட்ட எந்தப் படகு கடலுக்குப் போனாலும், அது திரும்பி வரும்வரை செல்வமோ நானோ கரையில் இருப்போம். அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினான். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் அத்தை மகளும் பெண்டாட்டியுமான,
காளியம்மாள்
சாத்தூர்