டாக்டருக்கு ஒரு ஃபைல்

7 அக்டோபர் 2024, திங்கள்

நஜ்முன்னிசாவின் ஆஸ்பத்திரிப் பேப்பர்களை இன்று தூசி தட்டி அடுக்கினேன். மொத்தம் ஐந்து ஃபைல். டாக்டருக்கு ஒன்று. செம்பூர் எலும்பு டாக்டருக்கு நீலம், தாராவி டாக்டருக்குச் சிவப்பு, சுகருக்குப் பச்சை, கண்ணுக்கு மஞ்சள், புதிதாகச் சேர்ந்த கிட்னி டாக்டரம்மாவுக்குக் கறுப்பு.

கடையில் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் பார்ட்டிக்கு ஒரு ஃபைல் வைப்பதைப் போலத்தான். முப்பது வருஷமாக என் தோல் பை வியாபாரம் இப்படித்தான் ஓடுகிறது. தாதர் பார்ட்டியின் சாம்பிளைத் தாணே பார்ட்டி கண்ணில் காட்டக் கூடாது. காட்டினால் இரண்டு பேருமே கையை விட்டுப் போய்விடுவார்கள். தோளில் பையைத் தூக்கித் தெருத்தெருவாக விற்றவன் கடை போட்டது இந்த ஒரு கட்டுப்பாட்டால்.

"பொண்டாட்டி வியாதியையும் ஆபீசு மாதிரில்லா வச்சிருக்கிய" என்றாள். பெருமையாக இருந்தது. பொய் எதற்கு?

ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனையில் கிட்னியின் அளவு, கிரியாட்டினின், 3.4. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நாளை மறுநாள் கிட்னி டாக்டரம்மா என்ன சொல்வாரோ.

9 அக்டோபர், புதன்

அவமானம்.

ஐந்து ஃபைலையும் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: 2022-ல் கிரியாட்டினின் எவ்வளவு? பச்சையில் தேடினேன், சிவப்பில் தேடினேன். வெளியே வரிசை முணுமுணுக்கிறது. கடைசியில் அவரே மூடி வைத்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "சாச்சா, டாக்டர் வாரியாக எனக்கு வேண்டாம். தேதி வாரியாகக் கொண்டு வாருங்கள். மெதுவாக ஏறியதா, சட்டென்று ஏறியதா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

மெதுவாக என்றால் பழைய கேடு, திரும்பாது. டயாலிசிஸுக்குத் தயாராகக் கையில் ரத்தக்குழாயை இணைக்கிற ஆபரேஷன். சட்டென்று என்றால் ஏதோ காரணம் இருக்கும், தேடலாம். நவம்பர் 13-ல் ஆபரேஷனுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார். அதற்குள் புதன்தோறும் போக வேண்டும்.

டாக்சியில் நஜ்மு கையைத் தடவிக்கொண்டே வந்தாள். "எந்தக் கையிலயாம்?"

"இடது."

"நல்லது. சோறு திங்குற கை தப்பிச்சிட்டு."

10 அக்டோபர், வியாழன்

கடைக்குப் போனேன். சரக்கை எடுத்துக் காட்ட மனசில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

ஐந்து ஃபைலையும் பிரித்துத் தரையில் கொட்டினேன். பதினோரு வருஷம். தேதி பார்த்து அடுக்க ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன். பகல் முழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நஜ்மு ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கதை சொல்கிறாள்.

ஜூலை 2013. விரல் மூட்டு வீக்கத்துக்கு எடுத்த முதல் எக்ஸ்ரே. அன்று அடைமழை. குர்லாவில் லோக்கல் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்து ஓரமாக சயான் வரை நடந்தோம். எக்ஸ்ரே கவரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். நனையுமே என்று நான் கத்த, "என் எலும்புதானே, எனக்குக் குடை பிடிச்சா என்ன?" என்றாள். கவரில் மழைக் கறை இன்னும் இருக்கிறது. வியாதியின் முதல் நாளில் நாங்கள் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறோம்! எனக்கு அப்போது நாற்பத்தி நாலு வயது. எதையும் சமாளித்துவிடலாம் என்கிற வயது.

2016. ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு பையின் படம், லைனிங் அளவுகள். டாக்டர் கூப்பிடும்வரை அவளால் சும்மா இருக்க முடியாது. அந்த மாடல் நாலு வருஷம் ஓடியது. எழுந்து போகும் பெண்களின் கைப்பையை எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து எனக்குக் குறிப்புச் சொல்வாள். ஆஸ்பத்திரி வராந்தாதான் அப்போது எங்கள் மார்க்கெட் சர்வே.

2019, மாட்டுங்கா லேப். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு எதிர் ஹோட்டலில் இட்லி, வடை, மறுபடி இட்லி. "இப்ப எடுக்கச் சொல்லுங்க, என் ரத்தத்துல சாம்பார் வாசம் வரும்." பக்கத்து மேஜை மாமிகூடச் சிரித்துவிட்டார்.

வியாதிக்காகப் போனோம் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால், கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது இதற்கு மட்டும்தான்.

கடைசியில் எண்களை மட்டும் தனியாக எழுதினேன். மார்ச் 2021: 0.9. ஜனவரி 2022: 1.0. நவம்பர் 2023: 1.8. ஆகஸ்ட் 2024: 3.4.

"ஏளா, பழைய கேடு இல்ல! ரெண்டரை வருசத்துல ஏறினது!"

"அப்ப அந்த ரெண்டரை வருசத்துல புதுசா என்ன?" என்றாள்.

அந்த வருஷங்களின் மருந்துச் சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

14 அக்டோபர், திங்கள்

டாக்டர்களின் கையெழுத்து புரியவில்லை என்று, மாத்திரைப் பெயர்களைத் தெளிவாக எழுதி வாங்க, மாத்திரை அட்டைகளோடு கணேசபாண்டியன் மெடிக்கலுக்குப் போனேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"பாய், இதையும் இதையும் ஒரே ஆளா திங்காவ?"

"ஆமா. இது செம்பூர் டாக்டர் குடுத்தது, அது நம்ம தாராவி டாக்டர்."

"ரெண்டும் ஒரே வலி மாத்திரைல்லா. சரக்கு ஒண்ணு, லேபிள் ரெண்டு. ரெட்டிப்பாத் தின்னா கிட்னிக்குல்லா கேடு. உமக்கு நான் சொல்லணுமாக்கும்?"

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஒரே பையை இரண்டு லேபிளில் விற்றவன் நான்.

"என்கிட்ட ஒண்ணுதானே வாங்குனிய?" என்றார். ஆமாம். செம்பூர் மாத்திரையைச் செம்பூரிலேயே வாங்குவேன். நீல ஃபைல் செம்பூருக்கு மட்டும், சிவப்பு ஃபைல் இங்கே மட்டும். தாராவி டாக்டர் அந்த மாத்திரையை பிப்ரவரி 2022-ல் ஆரம்பித்திருக்கிறார். வேறு எதுவும் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். கேட்டார், நினைவிருக்கிறது. "எல்லாம் உங்க கையிலதான் டாக்டர்" என்றேன். பார்ட்டியிடம் சொல்கிற அதே பொய். இன்னொருவரிடமும் போகிறோம் என்று தெரிந்தால் அக்கறை குறைந்துவிடும் என்று.

என்ன வியாபாரம் இது? யாரிடம் எதை மறைத்தேன்?

15 அக்டோபர், செவ்வாய்

இரண்டு அட்டையையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். நாளைக்கு டாக்டர் சொல்வார் என்றேன். கோழை.

16 அக்டோபர், புதன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பார்ட்டி கதை உட்பட. நஜ்மு பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு ஹிந்தி என்னைவிட நன்றாக வரும்.

டாக்டரம்மா திட்டவில்லை. இரண்டு மாத்திரையும் இனி கிடையாது, இரண்டு டாக்டரிடமும் நானே பேசுகிறேன் என்றார். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. நிறுத்திப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் தேதி அப்படியே இருக்கட்டும் என்றார்.

நஜ்மு என் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துப் படி இறங்கினாள். கேட் தாண்டியதும் நின்றாள். "ரெண்டு கையாலயும் ஊட்டியிருக்கிய."

"ஆமா."

"அந்த ரெண்டரை வருசமும் எனக்கு வலி இல்ல. அதையும் எழுதிக்கிடுங்க."

உண்மை. மகள் தமன்னா கல்யாணத்தில் மூன்று நாள் உட்காரவில்லை. பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று சமையல்காரனை விரட்டினாள். பேரன் பிறந்ததும் தாணேக்குப் போய் ஒரு மாதம் தூக்கிக்கொண்டே திரிந்தாள். குணமாகிவிட்டது என்று நான்கூட இனிப்பு வாங்கி வந்தேன். எங்கள் நல்ல காலம் என்று நான் நினைத்திருந்தது அந்த இரண்டரை வருஷத்தைத்தான். இப்போது அதை எங்கே வைப்பது?

24 அக்டோபர், வியாழன்

வலி திரும்பிவிட்டது. ஜாக்கெட் ஊக்கை நான்தான் மாட்டினேன். தலைகீழாக மாட்டிவிட்டேன். "தோல் பைக்கு ஜிப் வைக்கிற மனுசனுக்கு இது வரலியே" என்கிறாள். மறுபடி கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

3 நவம்பர், ஞாயிறு

தமன்னா போன் செய்தாள். "வாப்பா, டென்ஷன் மத் லோ." கவலைப்பட வேண்டாமாம். நடந்ததை அவளிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள். நஜ்மு போனைப் பிடுங்கி, "உங்க வாப்பாவ நான் பாத்துக்கிடுதேன், நீ பிள்ளையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

6 நவம்பர், புதன்

கிரியாட்டினின் 2.6. ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளித்தான், ரத்து இல்லை.

20 நவம்பர், புதன்

ஓட்டுப் போடும் நாள், டாக்டரம்மாவுக்கு லீவு. போகவில்லை. கை மரத்துப் போகும் வலி அவளுக்கு. வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட்டேன். அந்த மாத்திரையில் பாதி போட்டால் என்ன என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

27 நவம்பர், புதன்

1.9.

முழுதாகத் திரும்பாது, போனது போனதுதான் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஆபரேஷன் இப்போது வேண்டாம். செம்பூர் டாக்டர் வலிக்கு வேறு ஊசி எழுதியிருக்கிறார், டாக்டரம்மாவைக் கேட்டு. மூன்று மாதம் கழித்து வந்தால் போதும். நஜ்மு நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்: "தீன் மஹினா?"

4 டிசம்பர், புதன்

ஏழரைக்கு நான் குளித்துக் கிளம்பி வந்தால், அவளும் புர்கா போட்டு, தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"எங்க கிளம்பிட்டிய?"

"நீ எங்க?"

புதன்கிழமைப் பழக்கம். இன்று எங்களுக்கு எந்த டாக்டரும் இல்லை. கழற்றிவிட்டு உட்காருவாள் என்று நினைத்தேன். "போட்டது போட்டாச்சு, வாங்க" என்று மெல்ல எழுந்தாள். சயான் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர்க்காரன் எங்கே என்று கேட்டான். டாக்டர் இல்லாத இடத்துக்கு இரண்டு பேருமாக டிக்கெட் எடுத்துப் பழக்கமில்லை. நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.