மாமா கேட்டா என்ன சொல்றது

அம்மா,
மிக்சியைக் கழட்டி மாட்டிட்டேன், கரகர சத்தம் போயிடுச்சு. ஆனா ஒரு ஸ்க்ரூ மிச்சம் விழுந்திருக்கு. நான் வர்ற வரைக்கும் மிக்சியைப் போட்டுடாதே. சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு.

சாயங்காலம் மாமா வந்து, மெக்கானிக்கல் முடிச்சவன் மேல என்ன படிக்கப் போறான்னு குடைவார். எம்.டெக். டிசைன்னு சொல்லு. போன தடவை மாதிரி, "தையலா?"ன்னு கேட்டா சிரிச்சுடாதே.

இல்லை, எம்.பி.ஏ.ன்னே சொல்லிடு.

அதுவும் வேண்டாம். இன்னும் யோசிக்கிறான்னு சொல்லு.

நேத்து நீ, "உனக்கு என்னதான்டா பிடிக்கும்?"னு கேட்டதுக்குக் கத்திட்டேன். பதில் தெரிஞ்சிருந்தா ஏம்மா கத்தப்போறேன்?

பி.கு.: மிக்சியோட மல்லுக்கட்டினப்ப மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. அதுக்கு எம்.டெக். இருக்கான்னு மாமாவையே கேட்டு வை.