நூற்று நான்கு கிலோ

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சலவைக் கம்பெனியில் இஸ்திரி மெஷின் ஆவி அடித்து என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, உன் அப்பாவின் வலது தோள் விலகிக் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஆக இந்த வீட்டில் பேனா பிடிக்கிற கை இவளுடையது ஒன்றுதான். நீயாவது கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்து மீதியைப் படித்துத்தான் ஆகவேண்டும். உன் அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். அவனுக்கு ஒண்ணும் சொல்லாதே, அவன் கோபம் நியாயம்தான் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறோம். (அண்ணா, இது நான். கட்டில் கிரீச்சிடும்போதெல்லாம் கடிதத்தைப் புவியியல் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.)

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, மேல்மாடித் தையல்காரர் மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது, நீ விட்டுப்போன சைக்கிளை உன் தங்கை ஓட்டி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. அன்று இரவு உன் அப்பாவின் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி முடிந்ததும் நீ போன் செய்து, ஏம்ப்பா அவனைப் பிடிச்சீங்க, விட்டிருந்தா பெல்ட் உங்களுக்குத்தானே, இங்க ஃபிரெண்ட்ஸ் அத்தனை பேர் முன்னாடியும் தலையைத் தொங்கப் போட்டு நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாயே, மூன்று வாரமாகிறது. மறுநாளே உன் அப்பா கையுறைகளை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற தன் கம்பெனி டேப்பை ஒற்றைக் கையால் ஒட்டி, பழக்க தோஷத்தில் மேலே 'உடையும் பொருள்' என்று எழுதிப் பரண் மேல் ஏற்றச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்தில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது, அதனால் உனக்குப் பாதி தெரியாது. டயர் கடை மாடியில் இருக்கிற குத்துச்சண்டைக் கூடத்துக்கு அவருடைய கம்பெனி லாரியில்தான் சாமான் போனது. அதில் ஒரு பெரிய மணல் மூட்டை. இரண்டு ஆள் தூக்க வேண்டியதை இவர் தோளில் போட்டுக்கொண்டு, மேலே போய், எங்கே வைக்கணும் சார் என்று மூச்சு வாங்காமல் கேட்டாராம். அந்தப் பயிற்சியாளர் இவரைவிட வயதில் சின்னவர். அதை அப்புறம் வைக்கலாம்ணே, முதல்ல ஒரு குத்து குத்திக் காட்டுங்க என்றாராம். அப்போது உன் அப்பாவுக்கு முப்பத்தொரு வயது, வயிறு வேறு கொஞ்சம் முன்னால் நிற்கும். உடை மாற்றும் அறையில் பையன்கள், இவர் யாரோட அப்பா, மகனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரா என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் மறுநாளும் போனார்.

முதல் போட்டிக்கு நானும் போயிருந்தேன். இவர் விட்ட குத்தில் எதிராளி தள்ளாடினான். விழப்போகிறான் என்று எல்லோரும் எழுந்து நிற்க, உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஓடிப்போய் அவனை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தி நிறுத்தி, அடி பட்டுடுச்சா தம்பி என்று கேட்டார். அவன் சுதாரித்துக்கொண்டு இவரையே அடித்து ஜெயித்துவிட்டான். ஊரே சிரித்தது. சாய்கிற அலமாரியையும் ஃபிரிட்ஜையும் ஆயுசு பூராவும் தாங்கிப் பிடித்த உடம்பு, எது சாய்ந்தாலும் கை தானாகப் போகிறது. அன்றைக்குத்தான் அவருக்கு 'பீரோ' என்று பேர் வந்தது. விழறதைப் பிடிக்காம இருக்கக் கத்துக்கணும்ணே என்று பயிற்சியாளர் சொல்லிவிட, வீட்டில் மெத்தையைச் சுருட்டி நிறுத்திவைத்து, குத்தி, அது விழும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். அப்படிப் பழகித்தான் வருஷா வருஷம் ஜெயித்தார். விடியலில் ஓட்டம், பகலெல்லாம் மாடிப்படியில் பிறத்தியார் வீட்டுக் கட்டில், சாயங்காலம் டயர் கடை மாடி. ஒருநாள்கூட உடம்பு வலிக்கிறது என்று வேலைக்கு மட்டம் போட்டதில்லை. அவர் வயதுக்காரர்கள் நாற்காலி தேடுகிற வயதில் இவர் ஹெவிவெயிட் பட்டத்துக்கு நின்றார். நாற்பத்திரண்டோடு உரிமம் முடிகிறது, இதை விட்டால் இனி இல்லை என்று உனக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. கடைசி ரவுண்டுக்கு முந்தியதில் எதிர்த்து நின்ற அந்தப் பையன் குத்து வாங்கிக் கயிற்றுக்கு நடுவே பின்பக்கமாகச் சரிந்தானே, நீங்கள் போனில் பார்த்தபோது கேமரா எதிர்ப்பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கம், இரண்டாவது வரிசையில். கயிற்றுக்கு வெளியே மணி அடிக்கிறவருடைய மேசை. அதன் இரும்பு மூலைக்கும் அந்தப் பையனின் பிடரிக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்க்கிறேன், உன் அப்பா அவனுடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார். தொண்ணூறு கிலோவாவது இருக்கும் அந்தப் பையன். தோள் விலகியது அந்த இழுப்பில்தான், அவன் அடித்த அடியில் இல்லை. டேய் பீரோ, அது உன் கம்பெனி சாமான் இல்லடா, விடுடா என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவர் விடவில்லை. அவன் விழுந்திருந்தால் நடுவர் எண்ணியிருப்பார், இவருக்குப் புள்ளி கூடியிருக்கும்; கீழே விழாதவனுக்கு எண்ணிக்கை கிடையாதாம். மீதிச் சண்டையை ஒரு கையை வைத்துக்கொண்டு நின்று முடித்து, ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அந்த மெத்தையை அத்தனை வருஷம் விழவிட்டுப் பழகிய மனுஷன், பழக்கம் மறந்து பிடித்திருப்பார் என்றா நினைக்கிறாய்? மூலையை அவர் பார்த்தார், பார்த்துத்தான் பிடித்தார். நான் கேட்டதற்கு, அதை இப்ப சொன்னா தோத்தவன் சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டார். (அம்மா அழுகிறாள். அதை எழுதாதே என்கிறாள்.)

பெல்ட் வந்திருந்தால் சுவரில் மாட்டியிருப்போம், வாரம் ஒருமுறை நான்தான் தூசி துடைத்திருப்பேன். எனக்கு இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் இன்றைக்கு இருக்கிற பெருமை என்றைக்கும் இருந்ததில்லை. நீ தலையைத் தொங்கப் போட வேண்டாம், உன் நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். தோள் எப்படிப்பா இருக்கு என்று கேட்டால் போதும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிற,
உன் அம்மா.

அண்ணா, அம்மா தூங்கப் போய்விட்டாள். உறையில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த அப்பா எனக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார், கட்டில் இந்த முறை சத்தமே போடவில்லை. நான் திடுக்கிட்டுத் திரும்பியதில் பேனா கீழே விழப்போனது, இடது கையால் சட்டென்று பிடித்துவிட்டார். கடிதத்தை எடுத்து விளக்கருகே வைத்து முழுக்கப் படித்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். பேனாவை என்னிடமே நீட்டி, உங்கம்மாவுக்கு எடை போடத் தெரியல பாப்பா, அவன் நூத்தி நாலு கிலோ, ஒத்தைக் கையில பிடிச்சேன், அதைச் சரியா எழுது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.