விடாத விக்கல்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. வீட்டுக்கு வந்து முதல் முழு நாள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர். தொட்டால் தீப்பெட்டி மாதிரி. தொடாதே என்றார்கள், தொட்டேன்.

நர்ஸ் கொடுத்த தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டியாயிற்று. பயப்பட வேண்டாதவை: லேசான வலி, தையலைச் சுற்றி நீலம், அலுப்பு. உடனே வரவேண்டியவை: காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், தலைசுற்றல், நாடி அறுபதுக்குக் கீழ், விடாத விக்கல். கடைசியைப் படித்துச் சிரித்தேன். விக்கலுக்கு ஆஸ்பத்திரியா!

இன்னொன்று. ஒன்றரை மாதம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, பாரமும் கூடாது. நர்ஸ் படி வரை வந்து மலையாளத்தில் சொன்னாள்: "சேச்சீ, பாரம் எடுக்கருது, கேட்டோ!"

நாடி 64.

மாவு எப்போது கிடைக்கும் என்று மூன்று ஃபோன். மட்டாஞ்சேரியில் பாதித் தெருவுக்கு இட்லி என் கிரைண்டரிலிருந்துதான். ஜூலை முதல் தேதி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு.

ஜூன் 11, புதன்

தையலைச் சுற்றி நீலம், ஓரத்தில் மஞ்சள். தாளில் பார்த்தேன். பயமில்லை. நாடி 62.

இவர் வேஷ்டியைக் கிழித்துக் கொண்டுவந்தார், கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்ட. "கட்டி வெச்சா பத்திரமா இருக்குமே."

"தோள் மரமாப் போயிடும். மெள்ள அசைக்கணும்னு டாக்டரே சொன்னார்."

நல்ல வேஷ்டி போயிற்று.

ஜூன் 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். வீட்டுக்கு மட்டும் இவரே அரைத்தார். கிரைண்டர் நின்ற பிறகு கல்லை எடுக்காமல் அதைச் சுற்றிச் சுற்றிக் கரண்டியால் மாவு வழித்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். நானே கல்லைத் தூக்கி வெளியே வைத்தேன், இரண்டு கையாலும். முப்பது வருஷப் பழக்கம். கை என்னைக் கேட்டா செய்கிறது?

தோளுக்குள் ஏதோ சுண்டியது. இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

பத்து மணியிலிருந்து விக்கல்.

"சுதா நெனைச்சிண்டிருப்பா. ஒரு மடக்கு ஜலம் குடி" என்றார். குடித்தேன். சர்க்கரை தின்றேன். விக்கல். காக்கநாட்டில் ஆபீஸிலிருந்த மகள் சுதாவுக்கே ஃபோன் போட்டுவிட்டார்.

"அம்மாவை நெனைக்கறயா? சித்த நாழி நெனைக்காம இரு."

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. நேக்கு என்னை நெனைக்கவே நேரமில்லை."

பிறகு என் தங்கை, நாத்தனார், மாவு வாங்கும் வீடுகள், ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தோம். நினைப்பவர் பேரைச் சொன்னால் நிற்குமாம். பாதித் தெரு முடிந்தது. நிற்கவில்லை. வயிறு தானாகத் துள்ளியது.

மதியம் எழுந்தபோது தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து நாடி எண்ணினேன். 44. மறுபடி எண்ணினேன். 42.

பயம். நன்றாகவே பயம். பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், பேர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"விக்கலுக்கா?"

"நேத்திக்குக் கல்லைத் தூக்கினேன்."

திட்டவில்லை. சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அஷ்ரஃப் காரை எடுத்தார். தோப்பும்படியில் வண்டிகள் நகரவே இல்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அஷ்ரஃப், "சேச்சீ, உறங்கருது! சம்சாரிச்சோண்டிரி!" தூங்காமல் பேசிக்கொண்டே வந்தேன், விக்கலும் நானுமாக.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரி. ஜன்னலில் மழை. இதயத்துக்குள் வைத்த ஒயர் நகர்ந்துவிட்டதாம். இதயத்தைத் தூண்ட வேண்டியது உதரவிதானத்தைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் விக்கல். நேற்று அதே இடத்தைத் திறந்து திரும்ப வைத்தார்கள். அதே வலி, முதலிலிருந்து.

டாக்டர் வந்தார். பாரம் ஏதாவது எடுத்தேனா என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "இல்லையே டாக்டர், நான் விடவே இல்லையே."

"எடுத்தேன்" என்றேன். "கிரைண்டர் கல்."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மாவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஆகஸ்ட். முதல் தேதி என்று சொல்லப் போவதில்லை. டாக்டர் சொல்லும் தேதி. ஆனால் அரைப்பேன்.

இப்போது கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தால் என் மணிக்கட்டு இவர் கையில். தலைமாட்டில் மானிட்டர் 64 என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன பண்றேள்?"

"பேசாதே. எண்ணிண்டிருக்கேன்."

"எத்தனை?"

"பேசிட்டயே. விட்டுப் போச்சு. முதல்லேருந்து எண்ணணும்."