கொரியாவிலிருந்து வந்த லேப்டாப்

பிள்ளைப்பாக்கம்
18-11-2013

அன்புள்ள அத்தானுக்கு,

சுகப்பிரியா எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் நல்ல சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றீர்களே, உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் கொரியாவில் வாங்கி, லீவில் வந்த இசக்கிதுரை அண்ணனிடம் கொடுத்தனுப்பிய லேப்டாப் இன்னும் நெட்டைப் பிடிக்கவில்லை. திரையில் வருவதைப் போனில் வாசித்துச் சொல்ல எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. அதனால் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அப்படியே வரைந்திருக்கிறேன். அங்கே யாரிடமாவது காட்டி என்ன செய்வது என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மோடத்தை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் போட்டேன். சிக்னல் கோடு நிறைய இருக்கிறது. அதன்மேல் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி, அது மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஸ்ரீபெரும்புதூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணப்பனை வீட்டுக்கே அழைத்து வந்தேன். "இன்னாம்மா இது, எல்லாம் கொரியாக்காரன் எழுத்தா கீது. எத்த அமுக்கினா எது பூடுமோ" என்று பயந்தார். கேபிள் போடலாம் என்றால் இந்த மெல்லிசு மாடலில் அதற்குத் துளையே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இங்கிலீஷில் புதிதாக ஏற்றலாமாம். கெட்டுப்போனால் வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே வாரண்டி கிடையாதாம். வேண்டாம் என்றுவிட்டேன். சரியா தப்பா, தெரியவில்லை.

பிரவுசிங் சென்டருக்கும் பாப்பாவைக் கூட்டிப்போனேன். அவள் கையால் பேசுவதைப் பார்த்து அங்கிருந்த பையன்கள் சிரித்தார்கள். வீடியோவில் உங்களைக் கூப்பிடும் முன்பே என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கமே வரமாட்டாள்.

எனக்கென்றால் போனே போதும் அத்தான். காது கேளாத பிள்ளைக்கு அந்தப் போனில் என்ன பயன்? நான் உங்களோடு பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் மீசையை முறுக்குவதுபோல் காட்டி, அப்பா எப்போது வருவார் என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனாரே, அவர் படத்துக்கு அவர்கள் தினமும் பூ வைக்கிறார்கள். பாப்பா அங்கேதான் விளையாடப் போவாள். நேற்று நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், ஸ்டூலில் ஏறி உங்கள் போட்டோவுக்குக் கனகாம்பரம் வைத்திருக்கிறாள். அழவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பூவைப் பிடுங்கி எறிந்தேன். அப்பா இருக்கிறார், வேலைக்குத்தான் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் கையால் சொல்லிப் பார்த்தேன். சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள் என்று தெரியும். வாருங்கள் என்று நான் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் அந்தப் பிரஸ் மெஷினில் தூக்கக் கலக்கத்தோடு நிற்காதீர்கள். உங்கள் விரல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சுகப்பிரியா