அம்மா வேண்டாம், ஆத்தா போதும்

பசறை
9-8-1979

அன்பு மகள் ராசம்மாவுக்கு ஆத்தா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கோத்தகிரியில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று அவளையே கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கச்சி செவனம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், பதற்றத்தில் பின்னால் போய்விட்டது. தையல் பழக்குகிறோம், சொந்தப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தானே அந்த வீட்டுக்காரர்கள் கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள், ஊசியைக் கண்ணில் கூடக் காட்டவில்லையாம். சமையல், சலவை, அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் இவள் தலையில். அப்பா பார்க்கப் போனபோதெல்லாம் பிள்ளை கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற ஹாலிஎல ஊர்ப் பெண் ஒருத்தி இவள் பேச்சை வைத்தே நம்ம பக்கத்துப் பிள்ளை என்று கண்டுபிடித்துத் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினாள், அப்பா போய்க் கூட்டிவந்தார்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். நீ இந்தியாவுக்குப் போன பிறகு பக்கத்துக் காம்பராவுக்கு வேலாயி என்று ஒருத்தி குடிவந்தாள், என்னைவிட இளையவள். செவனம்மா எந்நேரமும் அவள் காம்பராவில்தான். நான் கோழி அடித்துக் குழம்பு வைத்து, தின்னு தின்னு என்று தட்டைக் கையில் திணித்தால் இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறாள், அங்கே வெறும் ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கித் தின்கிறாள். அந்த வேலாயி பேசுவதைப் பார்க்க வேண்டுமே. ரொட்டி வேணுமா வேணாமா, கதவைச் சாத்தவா தொறந்தே கெடக்கட்டுமா, பக்கத்துல ஒக்காரவா என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையிடம் உத்தரவு கேட்கிறாள். வளர்ந்த மனுசி ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படியா கேட்பாள் என்று எனக்கு ஒரே எரிச்சல். அப்படி என்னதான் பேசுறீங்க என்று கேட்டதற்கு, அவ சொன்னத நான் சொல்லக் கூடாதுக்கா, அவளே சொல்லட்டும் என்றாள். நான் பெற்றவள், என் பிள்ளையின் கதைக்கு இவள் காவலாம். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கக் கை ஓடவில்லை, அடுத்த நிரையில் நின்ற அவள் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

லயத்தில் வரிசையாகக் குடியிருக்கிற ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கொழும்பு வீட்டு கேட் பூட்டியா இருந்தது, கை கால் இருக்குதானே, ஏன் ஓடி வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அதோடு இன்னொன்று. வந்ததிலிருந்து இவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நீங்கள் எல்லாம் ஆத்தா என்றுதானே கூப்பிட்டு வளர்ந்தீர்கள். கொழும்புக்குப் போய் நாகரிகம் வந்துவிட்டது என்று லயமே மெச்சியது, நானும் பூரித்துத்தான் போனேன். பிறகுதான் கவனித்தேன், அம்மா என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறாள். அது எனக்கான சொல் இல்லை, அந்த வீட்டுக்காரிக்கானது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவ மேல அவ்வளவு பாசம்னா அங்கயே இருந்திருக்க வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. அப்பிடிக் கூப்புடாட்டி சோறு கெடையாது என்றாள். சம்பளம் கேட்டால் அந்த வீட்டுக்காரி, பெத்த புள்ளைக்கு எதுக்குச் சம்பளம் என்பாளாம். வீட்டுக்குப் போகணும் என்றால், கேட் தொறந்துதான் கெடக்கு, போ, ஒனக்கு இந்த நாட்டுப் பிரஜைக் கடுதாசியும் இல்ல அந்த நாட்டுக் கடுதாசியும் இல்ல, ஒங்க அக்காவப் புடிச்சு ஏத்துன மாதிரி பொலிஸ் ஒன்னையும் கப்பல்ல ஏத்திரும் என்பாளாம். நீ போன அன்று பதுளை ஸ்டேசனில் கோச்சி கிளம்பும்போது கட்டிப்பிடித்து அலறினோமே, அப்போது இவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பொலிஸ்தான் இழுத்துப் போனது என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறாள், ராசம்மா. இப்போது லயத்தில் யாராவது கேட் கதை எடுத்தால் நான் சண்டைக்குப் போய்விடுகிறேன்.

இன்னும் பதுளை பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறாள், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவிடுகிறாள். அதனால் நீ அவள் பெயருக்குத் தனியாக எழுது. நீங்கள் யோசித்து, மனுப் போட்டு, பாஸ்போட் எடுத்துத்தான் போனீர்கள், யாரும் பிடித்து ஏற்றவில்லை என்று எழுது. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன், சத்தியம். வேலாயியும் பிரிக்கக் கூடாது, அதையும் சேர்த்து எழுதிவிடு. நான் சொல்லி நம்பாதவள் நீ சொன்னால் நம்புவாள், அதிலும் எனக்குப் பொறாமைதான், என்ன செய்ய.

நானும் இப்போது வேலாயி மாதிரி கேட்கப் பழகுகிறேன். சோறு இப்ப போடவா பொறகு போடவா என்று கேட்டால் எனக்கே வாய் கோணுகிறது. அம்மான்னு கூப்புட வேணாம், மனசு வந்தா பழையபடி கூப்புடு, வராட்டி சும்மா பேசு என்றும் சொல்லிவைத்தேன். மருமகனைச் சாராயக் கடைப் பக்கம் விடாதே, பிள்ளைகளுக்குக் குளிரில் காதை மூடிவிடு. மாரியாத்தா உங்களைக் கைவிட மாட்டாள். உறையில் செவனம்மா பெயரைப் பெரிதாக எழுத மறக்காதே.

நேற்று சாயந்தரம் பீலி வாயில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தா, வேலாயிக்கா ஒன்னயக் கூப்புடுது என்று மேலே இருந்து செவனம்மா சத்தம். அந்தச் சொல் வந்ததும் வேலாயிக்காகத்தான் பார். குடம் நிறைந்து வழிந்தது, காது கேட்காத மாதிரியே நின்றேன், அவள் இன்னொரு தடவை கூப்பிடுகிற வரைக்கும்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஆத்தா,
பெரியாயி