ஐநூறு லிட்டர் தண்ணீர், ஒரு மீன்கூட இல்லை

ஜூன் 3, செவ்வாய்

தொட்டி வந்துவிட்டது. ஆறடி நீளம், ஐநூறு லிட்டர். ஊர் மாறிப் போகும் என் மாணவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று முறை லைசன்ஸ் தேர்வில் தோற்றவரை நான்காவது முறை தேற வைத்தேன், அந்த நன்றி. மாடிப்படியில் தூக்கி வந்த நால்வரும் என்னை மனதுக்குள் திட்டியது எனக்கே கேட்டது.

"மீன் எங்க?" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

"ஆறு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"தண்ணியப் பாருங்க."

ஹாலில் உட்கார்ந்திருந்த மாமா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இவருடைய அப்பா. சனிக்கிழமை வந்தார். ஏப்ரலில் தன் வீட்டுக் குளியலறையில் விழுந்து, மீட்டர் பார்க்க வந்தவருக்குக் குரல் கேட்கும்வரை நாலு மணி நேரம் தரையில் கிடந்தவர். இப்போது அந்த வீட்டில் வயரிங் மாற்றுகிறார்கள். அது முடியும்வரைதான் இங்கே. வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டார்: "வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவேன்மா."

அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அவர் அங்கே தனியாக இருந்தவரை, காலையில் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். யார் அவரிடம் பேசுவது? இவர் "நீ சொல்லேன்" என்கிறார். நான் "உங்க அப்பாதானே" என்கிறேன். இப்படியே போகிறது.

ஜூன் 8, ஞாயிறு

மீன் கடை அக்காவுக்கு நான் வைத்த பெயர் பொறுமைக்கா. நான் எதைக் கேட்டாலும் "பொறுமை" என்பார். புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம். அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் முதலில் பெருக வேண்டும். அதனால் மீனுக்குப் பதில் அதே விஷமான அமோனியாவைப் பாட்டிலிலிருந்து சொட்டுவிட்டு, தினமும் சோதனைக் குழாயில் நிறம் பார்க்க வேண்டும். பச்சை என்றால் விஷம் இருக்கிறது. மஞ்சள் என்றால் தின்று தீர்த்துவிட்டன.

இன்று பச்சை. கரும்பச்சை.

ஜூன் 12, வியாழன்

பச்சை. இன்று ஒரு மாணவி ரிவர்ஸில் போய்க் குப்பைத் தொட்டியைச் சாய்த்தாள். நான் சிரித்துவிட்டேன். தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எனக்கே பொறுமை வந்துவிட்டதோ?

ஜூன் 18, புதன்

இளம்பச்சை! தின்ன ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியிருக்கிறது. அதுவும் நல்ல அறிகுறிதானாம். இவரை எழுப்பிக் காட்டினேன். "கிருமிக்கெல்லாமா என்னை எழுப்புவ?" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி கரும்பச்சை. நாலு நாளாக அசையவில்லை. எங்கே தப்பு?

ஜூன் 23, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

தொட்டியருகே குனிந்தால் நீச்சல் குளத்து வாடை. மாமாவிடம் கேட்டேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"தண்ணி கலங்கிப்போய்க் கிடந்துச்சும்மா. கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டேன். இப்பப் பாரு, எப்படித் தெளிஞ்சிருக்குன்னு."

முப்பத்து நாலு வருடம் குடிநீர் நிலையத்தில் வேலை. ஒரு ஊரே குடிக்கும் தண்ணீருக்குக் குளோரின் போட்ட கை. என் மூன்று வாரக் கிருமிகளை ஒரே கரண்டியில் தீர்த்துவிட்டது.

நான் என்ன சொல்லியிருக்கலாம்? "பரவால்ல மாமா"ன்னு சொல்லியிருக்கலாம்ல. சொன்னது வேற. "இது என் வீடு. என்னைக் கேக்காம ஏன் கை வைக்கிறீங்க?"

என் வீடாம். சே. என்ன வாய் இது. ரோட்டுல பிரேக் போடச் சொல்லிக் குடுக்கிறவளுக்கு வாயில பிரேக் இல்ல.

"ஆமாம்மா. தப்புதான்" என்றார். பிறகு பால்கனிக்குப் போய் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மாமா தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறார்.

ஜூன் 25, புதன்

காலையில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "நான் பேசினது தப்பு மாமா. அன்னிக்கி சொன்னத மறந்துடுங்க."

"மீன் தொட்டின்னா எனக்கு என்னம்மா தெரியும்" என்றார்.

"குளோரினைத் தண்ணியிலேருந்து எடுக்கத் தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தார். அதை முறிக்க ஒரு உப்பு இருக்கிறதாம். எத்தனை லிட்டர் என்று கேட்டார், ஒரு பழைய கவரின் பின்புறம் கணக்குப் போட்டார், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். மதியத்துக்குள் வாடை போய்விட்டது.

ஜூன் 28, சனி

புதிதாகக் கிருமி விதைக்க, பொறுமைக்கா தன் பழைய ஃபில்டரிலிருந்து அழுக்கேறிய பஞ்சு தந்தார். மாமா அதை டிபன் டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டிரைவிங் ஸ்கூல் கார், பக்கத்து சீட்டிலும் பிரேக் உண்டு. வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தார். "டப்பா குலுங்குதும்மா" என்று சமாதானம் வேறு.

பஞ்சைத் தொட்டிக்குள் பிழிந்தபோது சொன்னார்: "முப்பத்து நாலு வருஷம் இதுங்களைக் கொன்னேன். இப்ப வளக்கச் சொல்ற."

மூன்று பேரும் சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று இந்த வீட்டில் இப்படிச் சிரித்து.

ஜூலை 6, ஞாயிறு

சோதனைக் குழாய் இப்போது என் கையில் இல்லை. காலை ஏழு மணிக்கு மாமா நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். நான் கண்ணால் பார்த்து "மஞ்சள் மாதிரிதான் இருக்கு" என்றால், "மாதிரின்னு எழுத முடியாது" என்கிறார்.

ஜூலை 19, சனி

மஞ்சள். இரவு விட்ட அமோனியா காலையில் இல்லை. மூன்றாவது நாளாக இப்படி. தொட்டி தயார்.

எலக்ட்ரீஷியனும் தயார். அடுத்த ஞாயிறு வேலை முடிகிறதாம், மாமாவே சாப்பிடும்போது சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாங்களும் தட்டைப் பார்த்தோம்.

ஜூலை 26, சனி

மீன் வாங்கப் போனோம். எனக்கு எல்லாமே வேண்டும் போல இருந்தது, இருபது எடுக்கலாம் என்றேன். மாமா என் கையிலிருந்த வலையை வாங்கி வைத்துவிட்டார்.

"ஆறு போதும். இத்தனை கிருமிக்கு ஆறு மீனோட கழிவுதான் தாங்கும். அது பழகினதும் ரெண்டு வாரம் கழிச்சு ஆறு. நடுவுல பச்சை காட்டுச்சுன்னா இன்னும் ஒரு மாசம் நிறுத்தணும்."

"இவ்வளவு மெதுவா வேணாம் சார். பெரிய தொட்டிதானே, தாங்கும்" என்றார் பொறுமைக்கா. அவருக்கே பொறுமை போய்விட்டது. மாமா மசியவில்லை. ஆறு வரிமீன்களோடு வந்தோம். பையை அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகுதான் விட்டார். ஆறும் மூலையில் ஒண்டிக்கொண்டன. சாயங்காலம் ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே மற்றவை.

அவர் பெட்டி கட்டினாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் எலக்ட்ரீஷியன் போன் செய்தார். இந்த முறை மாமா ஹாலில், எங்கள் எதிரிலேயே பேசினார்.

"முடிஞ்சுதா? நல்லது. சாவியை எதிர் வீட்டுல குடுத்துடுப்பா. நான் இப்ப வர முடியாது, இங்க வேலை இருக்கு."

இவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். பேப்பர் ஆடியது.

ஜூலை 30, புதன்

ஆறும் நலம். மஞ்சள்.

மாமா கடைக்குப் போயிருந்தபோது அவர் நோட்டைப் புரட்டினேன். மீன் விட வேண்டிய தேதிகளை அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். கடைசி வரி மார்ச், ஏஞ்சல் மீன் இரண்டு. 'பரிசோதிப்பவர்' என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் அவருடைய கையெழுத்து.

அதற்குக் கீழே பென்சிலால் 'ஏப்ரல்' என்று எழுதி, நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதியிருக்கிறார். பக்கத்தில் கையெழுத்தும் இருக்கிறது.